அறிஞர் வாலஸ்

கானகத்தில் ஒரு பறவை கூவுகின்றது. அதன் குரலைக் கேட்பவர் பலர். அதன் உருவைக் காண்பவர் சிலர். அப்பறவை எவ்வினத்தைச் சேர்ந்தது, ஆற்றின் அக்கரையில் கூவும் பறவையும் இதுவும் ஒன்றா வேறா, ஒன்றாயின் இரண்டும் எவ்வாறு பிரிந்தன என்று ஆராய்பவர் மிகச் சிலரே. அத்தகைய ஆராய்ச்சிக்கு வழி வகுத்த பெருமக்களுள் ஆல்பிரெட் ரஸ்ஸல் வாலஸ் என்பவர் தலைசிறந்தவர். அவர் செல்வர் அல்லர். பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றவரும் அல்லர். தம் உழைப்பையே துணையாகக் கொண்டு, உலகின் இருபெரும் வனப்பகுதிகளில் பன்னிரண்டு ஆண்டுகள் அலைந்து, உயிரினங்களின் வரலாற்றில் புதியதோர் ஒளியைப் பாய்ச்சினார். அவர்தம் வாழ்க்கை வரலாறு ஆராய்ச்சியில் ஆர்வமுடைய இளைஞர் யாவரும் அறியத்தக்கது.

பிறப்பும் இளமையும்

வேல்ஸ் நாட்டில் அஸ்க் என்னும் சிற்றூருக்கு அருகில் 1823ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 8ஆம் நாள் வாலஸ் பிறந்தார். அவருடைய பெற்றோருக்கு மக்கள் ஒன்பதின்மர், வாலஸ் எட்டாமவர். தந்தையார் சட்டம் பயின்றவர். ஆயினும் அத்தொழிலை மேற்கொண்டாரில்லை. கையிலிருந்த சிறு பொருளையும் தகாத முயற்சிகளில் இட்டு இழந்தார். குடும்பம் நாளுக்கு நாள் நலிவுற்றது. வாலஸ் சிறுவராய் இருந்தபொழுதே அக்குடும்பம் இங்கிலாந்திலுள்ள ஹெர்ட்போர்டு நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள இலக்கணப் பள்ளியில் அவர் சேர்ந்தார். ஆனால் 14 வயது நிரம்புமுன்னரே வறுமை அவரைப் பள்ளியைவிட்டு வெளியேற்றியது. அதன் பின்னர் அவர் எந்தக் கல்லூரியிலும் பயின்றதில்லை.

பள்ளியை விட்ட வாலஸ், தம் தமையனார் வில்லியம் என்பவரிடம் நில அளவைத் தொழிலைக் கற்றார். சங்கிலியும் கோலும் ஏந்திக் காடு மேடெல்லாம் சுற்றுவதே அத்தொழில். எந்த வயல் எங்கே முடிகின்றது, எந்த ஓடை எதனைப் பிரிக்கின்றது என்று அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். எல்லை காணும் இப்பழக்கம் பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாயிற்று. அளந்து திரிந்த இடங்களில் செடி கொடிகளைக் கண்டார். அவற்றின் பெயர்களை அறியும் ஆவல் எழுந்தது. விலை குறைந்த நூல்களை வாங்கி, ஓய்வு நேரங்களில் தாமே பயின்றார்.

1844ஆம் ஆண்டில் லெஸ்டர் நகரில் ஒரு பள்ளியில் அவருக்கு ஆசிரியப் பணி கிடைத்தது. அவ்வூரில் ஹென்றி பேட்ஸ் என்னும் இளைஞர் அவருக்கு நண்பரானார். பேட்ஸ் வண்டுகளைத் தொகுப்பதில் வல்லவர். ஒரு நகரின் சுற்றுப்புறத்தில் மட்டும் நூற்றுக்கணக்கான வண்டினங்கள் வாழ்கின்றன என்பதை அறிந்த வாலஸ் வியப்பிலாழ்ந்தார். இத்தனை வகைகள் எவ்வாறு தோன்றின என்னும் வினா அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், உயிர்கள் மலிந்த வெப்பநாட்டுக் காடுகளுக்குச் செல்லவேண்டும் என்று நண்பர் இருவரும் முடிவு செய்தனர்.

அமேசான் காட்டில்

பயணத்திற்குப் பொருள் வேண்டுமே! அதற்கும் அவர்கள் ஒரு வழி கண்டனர். காட்டில் கிடைக்கும் பறவைத் தோல்களையும் பூச்சிகளையும் பதப்படுத்தி இலண்டனுக்கு அனுப்புவது; அங்கே ஸ்டீவன்ஸ் என்னும் முகவர் அவற்றைப் பொருட்காட்சிச்சாலைகளுக்கும் செல்வர்களுக்கும் விற்றுப் பணம் அனுப்புவது என்பது ஏற்பாடு. 1848ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இருவரும் கப்பலேறினர். அடுத்த திங்களில் தென் அமெரிக்காவில் அமேசான் முகத்துவாரத்திலுள்ள பாரா நகரை அடைந்தனர். சில காலத்திற்குப் பின் இருவரும் வெவ்வேறு திசையில் பிரிந்து சென்றனர். வாலஸ் ரியோ நீக்ரோ என்னும் கரிய நீரையுடைய ஆற்றின் வழியே உள்நாட்டில் நெடுந்தூரம் சென்றார்.

அக்காட்டில் அவர் பட்ட இன்னல்கள் பல. கொசுக்கடியும் முறைக்காய்ச்சலும் அவரை வாட்டின. தமையனுக்குத் துணையாய் வந்த இளவல் ஹெர்பர்ட், தாயகம் திரும்புவதற்காகப் பாரா நகரில் காத்திருந்தபொழுது மஞ்சட் காய்ச்சலால் 1851இல் இறந்தார். அப்பொழுது வாலஸ் பல நாட்பயணத் தொலைவில் இருந்தார். தம்பியின் முகத்தை இறுதியாகக் காணும் பேறும் அவருக்கு வாய்க்கவில்லை.

இத்துன்பங்களுக்கிடையே அவர் அரியதோர் உண்மையைக் கண்டார். அமேசானும் அதன் பெருங்கிளைகளும் மிக அகன்ற ஆறுகள். ஒரு கரையில் வாழும் குரங்கினம் மறுகரையில் காணப்படுவதில்லை. அதற்கு ஈடாக, அதனை ஒத்த வேறோர் இனம் அங்கே வாழ்கின்றது. அந்நாட்டு வேடர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். குறிப்பிட்ட ஒரு விலங்கு வேண்டுமாயின் அவர்கள் ஆற்றைக் கடந்து அக்கரைக்குச் செல்வர். சில பறவைகளும் பூச்சிகளும்கூட இவ்வாறே ஆற்றங்கரையோடு நின்றுவிடுவதை வாலஸ் கண்டார். நிலத்தை அளந்து எல்லை குறித்த அவருடைய கண்ணுக்கு, இயற்கையே உயிர்களுக்கு எல்லை வகுத்திருப்பது புலப்பட்டது.

எரிந்த செல்வம்

நான்கு ஆண்டுகள் கழிந்தபின் 1852ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வாலஸ் தாயகம் நோக்கி ஹெலன் என்னும் கப்பலில் புறப்பட்டார். பிற்பகுதி ஆண்டுகளில் தமக்கெனச் சேர்த்து வைத்த பறவைத் தோல்களும் பூச்சிகளும், உயிருள்ள குரங்குகளும் கிளிகளும் அவருடன் இருந்தன. ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள், நடுக்கடலில் அக்கப்பல் தீப்பற்றியது. கப்பலிலிருந்தோர் இரு படகுகளில் இறங்கி உயிர் பிழைத்தனர். வாலஸ் கையிலெடுத்தவை சில குறிப்புகளும், மீன்களையும் பனை வகைகளையும் வரைந்த படங்களுமே. அவர் கண்ணெதிரே அவருடைய உழைப்பெல்லாம் எரிந்து கடலில் ஆழ்ந்தது. உயிரினங்களுள் எஞ்சியது, கடலில் விழுந்து எடுக்கப்பட்ட ஒரு கிளி மட்டுமே. பத்து நாட்கள் திறந்த படகில் வெயிலிலும் பசியிலும் வாடிய அவர்களை அவ்வழியே வந்த மற்றொரு கப்பல் ஏற்றிக்கொண்டது. அக்டோபர்த் திங்கள் முதல் நாள் அவர் இங்கிலாந்தை அடைந்தார்.

முகவர் ஸ்டீவன்ஸ் முன்னறிவோடு அப்பொருள்களுக்கு 200 பவுன் இன்ஷூரன்ஸ் செய்திருந்தார். அதனால் வாலஸ் பட்டினியினின்று தப்பினார். ஆயினும் ஒரு பறவையை மீண்டும் தோண்டி எடுக்கவா முடியும்? மற்றவராயின் மனமுடைந்து வேறு தொழில் நாடியிருப்பர். வாலஸ் அவ்வாறு செய்யவில்லை. எஞ்சிய குறிப்புகளைக் கொண்டு இரு நூல்கள் இயற்றினார். அவ்வாண்டு டிசம்பர்த் திங்களிலேயே இலண்டன் விலங்கியல் கழகத்தில் அமேசான் குரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அமேசான், ரியோ நீக்ரோ, மடீரா ஆகிய ஆறுகளை எல்லையாகக் கொண்டு, அக்காடு நான்கு பகுதிகளாய்ப் பிரிந்துள்ளது என்று அதில் விளக்கினார்.

அக்கட்டுரையில் அவர் சுட்டிய குறை ஒன்று நம் கருத்துக்குரியது. அக்காலப் பொருட்காட்சிச்சாலைகளில் ஒரு பறவையின் தோலோடு கட்டப்பட்ட சீட்டில் பிரேஸில் என்றோ தென் அமெரிக்கா என்றோ மட்டுமே எழுதியிருக்கும். அது ஆற்றின் எக்கரையில் கிடைத்தது என்பது இராது. இனத்தின் பெயர் தெரிந்தாற் போதும், ஊரின் பெயர் எதற்கு என்று அறிஞரும் எண்ணியிருந்தனர். ஊர் தெரியாவிட்டால் உயிரின் வரலாறும் தெரியாது என்பதை வாலஸ் உணர்ந்தார். இனித் தாம் எடுக்கும் ஒவ்வொன்றிலும் அது கிடைத்த இடத்தைத் தவறாது குறிப்பது என்று உறுதி பூண்டார். சிறிய செயலாகத் தோன்றும் இதன் பெரும்பயனைப் பின்னர்க் காண்போம்.

மலாய்த் தீவுகளில்

தீயும் கடலும் அச்சுறுத்தியும் வாலஸின் வேட்கை தணியவில்லை. 1854ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவர் சிங்கப்பூரில் வந்திறங்கினார். அதன்பின் எட்டு ஆண்டுகள், போர்னியோ, ஜாவா, சுமத்ரா, செலிபிஸ், மொலுக்காஸ், நியூகினி எனத் தீவு தீவாய்ச் சென்றார். சிறு படகுகளிலும் வாணிகக் கலங்களிலும் அவர் கடந்த வழி ஏறத்தாழ 14,000 மைல். அவர் திரட்டியவை 1,25,660 உயிர்ப்பொருள்கள்; அவற்றுள் பறவைகள் மட்டும் 8,050.

இவ்வளவும் ஒருவர் கையால் ஆனவை அல்ல. பலர் அவருக்குத் துணை புரிந்தனர். அவருள் சிறந்தவர் அலி என்னும் மலாய் இளைஞர். 1855இல் சரவாக்கில் சமையல் வேலைக்கென அமர்ந்த அவர், பறவைகளைச் சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் விரைவிற் கற்றுக்கொண்டார். 1858இல் பச்சான் தீவின் காட்டுக்குள் சென்ற அலி, எவரும் அறியாத ஒரு பறவையைக் கொண்டு வந்தார். அதன் மார்பில் பச்சை ஒளி வீசியது. இருதோள்களிலிருந்தும் இவ்விரண்டு நீண்ட வெள்ளிறகுகள் கொடிபோல் எழுந்து நின்றன. அது சுவர்க்கப் பறவை வகையுள் புதியதோர் இனம். அறிவுலகம் அதற்கு வாலஸின் பெயரைச் சூட்டியது. கண்டெடுத்த கண்களோ அலியினுடையவை. இதனை வாலஸ் மறைக்கவில்லை. தம் நூலில் அலியின் பெயரைக் குறித்தார். முதுமையில் எழுதிய தன்வரலாற்றில் அலியின் படத்தையும் வெளியிட்டார்.

இரு தீவுகளும் ஒரு கோடும்

1856ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வாலஸ் பாலித் தீவிலிருந்து லொம்பொக் தீவுக்குச் சென்றார். இரண்டிற்கும் இடையே உள்ள கடல் ஏறத்தாழ 15 மைலே. தட்பவெப்பமும் மண்ணும் மிகுதியாக வேறுபடவில்லை. ஆயினும் பறவைகள் பெரிதும் வேறாயிருந்தன! பாலியில் ஆசியக் கண்டத்துப் பறவையான குக்குறுவான் ஒலித்தது. லொம்பொக்கிலோ அதன் ஒலி இல்லை. ஆஸ்திரேலியாவுக்குரிய வெண்ணிறக் கொண்டைக் கிளிகள் பறந்தன. மண்ணை மேடாகக் குவித்து அதனுள் முட்டையிடும் விந்தைப் பறவைகளும் அங்கே வாழ்ந்தன.

இதற்குக் காரணம் யாது? கடலின் அகலம் அன்று, ஆழமே காரணம் என்று வாலஸ் தெளிந்தார். மேற்கிலுள்ள தீவுகளைச் சூழ்ந்த கடல் ஆழம் குறைந்தது. கடல் மட்டம் தாழ்ந்த பண்டைக் காலத்தில் அத்தீவுகள் ஆசியாவோடு ஒரே நிலமாய் இணைந்திருந்தன. விலங்குகளும் பறவைகளும் தங்குதடையின்றி நடமாடின. பாலிக்கும் லொம்பொக்கிற்கும் இடைப்பட்ட கடலோ மிக ஆழமானது. நிலம் எக்காலத்தும் அதனை இணைத்ததில்லை. ஆதலால் இருகரை உயிர்களும் கலவாமல் தனித்தனியே வளர்ந்தன. அவ்வெல்லையை அவர் 1863இல் வெளிவந்த வரைபடத்தில் ஒரு கோடாகக் குறித்தார். இன்றும் அக்கோடு வாலஸ் கோடு என்றே வழங்குகின்றது. அதன் கிழக்கில், ஆசியாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டாமல் நிற்கும் தீவுகளின் தொகுதிக்கு வாலேசியா என்று பிற்காலத்தார் பெயரிட்டனர்.

டார்வினுக்கு எழுதிய மடல்

இனங்கள் எவ்வாறு தோன்றின என்னும் பழைய வினா வாலஸை விட்டகலவில்லை. 1855இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒவ்வோர் இனமும் தனக்கு நெருங்கிய உறவுடைய மற்றோர் இனம் முன்பே வாழ்ந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகின்றது என்பது அதன் கருத்து. தோன்றும் முறையை மட்டும் அவர் அப்பொழுது அறிந்தாரில்லை.

1858ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மொலுக்காஸ் தீவுகளில் அவர் காய்ச்சலுற்றுப் படுத்திருந்தார். குளிரும் வெப்பமும் மாறி மாறி வாட்டிய அந்நிலையில், முன்னர்ப் பயின்ற மால்தஸ் என்பாரின் நூல் அவர் நினைவுக்கு வந்தது. உயிர்கள் பெருந்தொகையாகப் பிறக்கின்றன, பெரும்பாலானவை மடிகின்றன, சூழ்நிலைக்குப் பொருந்தியவை எஞ்சுகின்றன, அவற்றின் இயல்பு வழிவழியாய் நிலைத்து, நாளடைவில் புதிய இனமாகின்றது என்னும் உண்மை அவருக்குத் தோன்றியது. உடல் தேறியதும் அதனைக் கட்டுரையாக எழுதி, டார்வினுக்கு அஞ்சலில் அனுப்பினார்.

டார்வினோ அதே கருத்தை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாய் ஆராய்ந்துகொண்டிருந்தார், ஆயின் வெளியிடவில்லை. மடலைக் கண்டு அவர் திடுக்கிட்டார். அவர்தம் நண்பர்கள் இருவருக்கும் இழுக்கு வாராத வகையில் ஏற்பாடு செய்தனர். 1858ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், இலண்டன் லின்னேயன் கழகத்தில் டார்வின் எழுதியவையும் வாலஸ் கட்டுரையும் ஒருங்கே படிக்கப்பெற்றன. வாலஸ் அப்பொழுது கீழ்த்திசைத் தீவுகளில் இருந்தார். செய்தி நெடுநாள் கழித்தே அவரை எட்டியது. தம் பெயர் பின்தள்ளப்பட்டதாக அவர் வருந்தவில்லை. டார்வினை என்றும் பெருமதிப்போடு போற்றினார். 1869இல் வெளியிட்ட தம் மலாய்த் தீவு நூலை டார்வினுக்கே உரிமையாக்கினார். 1889இல் தாம் எழுதிய மற்றொரு நூலுக்கு டார்வினியம் என்றே பெயரிட்டார். புகழுக்காகப் போட்டியிடும் உலகில் இத்தகைய பெருந்தன்மை அரிதன்றோ?

பிற்கால வாழ்வு

1862இல் வாலஸ் தாயகம் திரும்பினார். உயிருள்ள சுவர்க்கப் பறவைகள் இரண்டை அவர் உடன் கொண்டுவந்தார். வழியில் அவற்றிற்கு இரையாகக் கரப்பான் பூச்சிகளைத் தேடிப் பிடித்து ஊட்டி, பேணிக் காத்து, இலண்டன் உயிர்க்காட்சிச்சாலையில் சேர்த்தார். 1866இல் ஆன்னி மிட்டன் என்னும் நங்கையை மணந்தார். நிலையான உத்தியோகம் அவருக்குக் கிடைக்கவில்லை. சேர்த்த பணத்தையும் தவறான முதலீடுகளில் இழந்தார். எழுத்தே அவருக்கு ஊதியம் தந்தது. 1881இல் டார்வின் முதலானோர் முயன்று, ஆண்டுக்கு 200 பவுன் அரசு உதவித்தொகை கிடைக்கச் செய்தனர்.

அவர் கூறியவை அனைத்தும் சரியானவை என்று கொள்ளுதல் பொருந்தாது. ஆவிகளோடு உரையாட இயலும் என்பாரை அவர் நம்பினார். அம்மை குத்துவதை எதிர்த்தும் எழுதினார். அம்மை குத்தும் முறையாலேயே பெரியம்மை உலகினின்று ஒழிந்தது. அவ்வொழிவு 1980இல் அறிவிக்கப்பட்டது. அறிஞரும் ஆராயாது நம்பிய இடத்தில் தவறுவர் என்பதற்கு இவை சான்று. காட்டில் கண்ணாற் கண்டு, கையால் எடுத்து, இடம் குறித்து எழுதியவற்றிலோ அவர் உறுதியாக நின்றார்.

1908இல் அரசர் அவருக்கு உயரிய விருது அளித்துச் சிறப்பித்தார். 1913ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள், தம் 90ஆம் வயதில் வாலஸ் இயற்கை எய்தினார். 1915இல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருடைய உருவம் பொறித்த வட்டக்கல் வைக்கப்பெற்றது.

மறைந்திருந்த கால்வழிகள்

வாலஸ் மறைந்தபின் நூறாண்டுகளுக்கு மேல் சென்றுவிட்டன. அவர் கண்ட உண்மையின் முழு ஆழமும் இப்பொழுதுதான் விளங்கி வருகின்றது. அவர் காலத்தில் பறவையினங்களை நிறத்தாலும் அலகாலும் இறகாலுமே பிரித்தறிந்தனர். இக்காலத்தார் உயிரணுவினுள் உள்ள டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருளைப் படிக்கின்றனர். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்லும் அப்பொருள், நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஓலை போன்றது. ஓலையைப் படியெடுக்குந்தோறும் சிற்சில எழுத்துகள் மாறும். ஒரே கூட்டமாய் வாழும் பறவைகளிடையே இம்மாற்றங்கள் கலந்து பரவும். ஆறோ கடலோ இடையே புகுந்து கூட்டத்தை இரண்டாக்கினால், இருபுறத்து மாற்றங்களும் தனித்தனியே பெருகும். வேறுபட்ட எழுத்துகளை எண்ணிப் பார்த்து, அவ்விரு கூட்டங்களும் பிரிந்து எத்துணைக் காலமாயிற்று என்று மதிப்பிடுகின்றனர்.

இவ்வாறு படித்துப் பார்த்தபொழுது வியப்பான செய்தி வெளிப்பட்டது. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் பறவைகள் பல, நெடுங்காலத்திற்கு முன்பே பிரிந்துபோன வெவ்வேறு கால்வழிகளாய் இருந்தன. அடர்ந்த காட்டுப் பறவைகளிடத்தே இது மிகுதியும் காணப்படுகின்றது. பருந்தும் தகைவிலானும் வெட்டவெளியில் நெடுந்தூரம் பறக்கும். நிழலடர்ந்த காட்டில் வாழும் சிறுபறவையோ வெயில் வெளிக்கு வர அஞ்சும். அகன்ற ஆற்றைக் கடவாது. அமேசான் காட்டில் எக்காளம் ஊதுவதுபோல் ஒலிக்கும் ஒருவகைப் பறவை உண்டு. கோழியளவினதான அது தரையிலே நடந்து திரியும்; நெடுந்தொலைவு பறக்க மாட்டாது. அதனை மூன்று இனம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2012இல் வெளிவந்த மரபாராய்ச்சி அதனுள் எட்டுக் கால்வழிகள் இருப்பதைக் காட்டியது. அவற்றைப் பிரிப்பவை வாலஸ் சுட்டிய அவ்வாறுகளும் அவற்றை ஒத்த பேராறுகளுமே. கடந்த முப்பது இலட்சம் ஆண்டுகளில் அவ்வாறுகள் இன்றைய வடிவம் பெற்றதும் அப்பறவைகள் பிரிந்ததும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று அவ்வாராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

வாலேசியாவிலும் இவ்வாறே. அங்குள்ள சூலாத் தீவுகளுக்கு வாலஸ் தாம் செல்லாமல், தம் உதவியாளர் ஆலன் என்பவரை அனுப்பினார். ஆலன் திரட்டிய பறவைகளைப் பற்றி 1862இல் எழுதினார். பின்வந்தோர் அத்தீவுகளில் நெடுநாள் தங்கவில்லை. உள்நாட்டு மலைகளில் ஏறியவர் மிகச் சிலரே. ஆழ்கடலால் சூழப்பட்ட தீவுகளில் தனித்த கால்வழிகள் இருத்தல் வேண்டும் என்று எண்ணிய ஆராய்ச்சிக் குழுவொன்று, 2013ஆம் ஆண்டின் இறுதியில் சூலாத் தீவுகளுள் ஒன்றான தாலியாபுவிலும், அதற்கு மேற்கிலுள்ள பெலெங், பத்துதாக்கா என்னும் தீவுகளிலும் சென்று ஆறு வாரம் ஆராய்ந்தது. உருவம், குரல், மரபுப்பொருள் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, ஐந்து புதிய பறவையினங்களையும் ஐந்து உள்ளினங்களையும் 2020இல் அக்குழு உலகுக்கு அறிவித்தது. கடலின் ஆழம் உயிரின் எல்லையைக் காட்டும் என்னும் வாலஸின் கருத்தே அவர்களுக்கு வழிகாட்டியாயிற்று.

நம் மலைகளிலும் இதற்குச் சான்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியிலுள்ள சோலைக்காடுகளில் சிரிப்பான் என்னும் பறவை வாழ்கின்றது. குளிர்ந்த சோலையைவிட்டுத் தாழ்ந்த வெப்பநிலத்தில் அது இறங்குவதில்லை. ஆகவே அமேசானில் ஆறு செய்யும் வேலையை இங்கே பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் செய்கின்றன. நீலகிரி, பாணாசுரமலை, பழனிமலை, அகத்தியமலை ஆகியவற்றைச் சார்ந்த சிரிப்பான்கள் நான்கு தனியினங்கள் என்பதும், அவை நான்கும் வேறெங்கும் இல்லாத ஒரு குலத்தைச் சேர்ந்தவை என்பதும் 2017இல் வெளியான மரபாராய்ச்சியால் நிறுவப்பெற்றன.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வறிவினால் விளையும் பயன் யாது என்று கேட்கலாம். ஒரு மலையிலுள்ள சோலை அழிந்தால், அப்பறவைதான் அடுத்த மலையில் உள்ளதே என்று முன்னர் ஆறுதல் கொண்டிருப்போம். அடுத்த மலையிலுள்ளது வேறு கால்வழி என்றறிந்தபின் அவ்வாறுதலுக்கு இடமில்லை. அழிந்தது மீண்டும் வாராது. மேலும், ஓரினத்துள் மரபு வேற்றுமை மிகுந்திருந்தால், புதுநோய் பரவும்பொழுதும் தட்பவெப்பம் மாறும்பொழுதும் தாங்கி நிற்பவை சில எஞ்சும். கூட்டம் சிறுத்து மரபு ஒன்றாகிவிட்டால் ஒரே இடரில் அனைத்தும் மடியக்கூடும்.

வாலஸ் 1863ஆம் ஆண்டிலேயே இவ்விடரை முன்னறிந்து எச்சரித்தார். உலகின் பழங்கதையை எழுதிய நூலில் ஒவ்வோர் இனமும் ஓர் எழுத்தைப் போன்றது. எழுத்துகள் உதிர்ந்தால் நூலைப் படிக்க முடியாது என்னும் கருத்தை அவர் வற்புறுத்தினார். இனங்கள் அறியப்படாமலே அழியுமாயின் வருங்காலத்தார் நம்மைப் பழிப்பர் என்றும் கூறினார்.

வாலஸ் தமக்கென வைத்திருந்த பறவைத் தோல்களை 1873இல் பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலை பெற்றுக்கொண்டது. பழைய தோல் ஒன்றின் கால்விரலடியில் ஒரு சிறு துணுக்கை எடுத்தாலும் மரபுப்பொருளைப் படிக்க இக்காலத்தில் இயலும். ஆனால் அப்பறவை எந்தத் தீவினது என்று தெரியாவிட்டால் படித்தும் பயனில்லை. வாலஸ் கட்டிய சீட்டில் ஊரின் பெயர் இருக்கின்றது. மரபுப்பொருள் என்னும் சொல்லையே கேட்டறியாத ஒருவர், கொசுக்கடிக்கும் காய்ச்சலுக்கும் இடையே மங்கிய விளக்கொளியில் எழுதிய அவ்வொரு சொல், நூற்றாண்டு கடந்தும் ஆராய்ச்சிக்கு உதவுகின்றது. செய்யும் பணி சிறிதாயினும் அதனைத் திருத்தமாகச் செய்தல் வேண்டும் என்பதே வாலஸின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடமாகும். நம்மைச் சூழ்ந்துள்ள மரமும் பறவையும் எத்தன்மையவை என்று கண்டு, கேட்டு, குறித்து வைக்கும் பழக்கத்தை நாமும் மேற்கொள்வோமாக.